இரட்டை மூளைக் கணினி

தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கையில இருக்கிற தாளை எட்டிப் பாத்துட்டேன். பக்கத்துல உக்காந்தவங்க கையில தாளு இருந்தா என் கண்ணு தானா அங்க போயிருமுங்க, தொழில் அப்படி. கம்ப்யூட்டர் கொட்டேசன்தான? ஈரோட்டுக்கு அதுக்குத்தான் போறீங்க. ரெண்டு வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கீங்க, ஒண்ணு சிங்கிள் கோரு, ஒண்ணு டூயல் கோரு. கோபியில ஏறுனதுல இருந்து அந்த ரெண்டு வரியத்தான் மாத்தி மாத்திப் பாத்துட்டு வர்றீங்க. நான் சித்தோட்டுல எறங்கிருவேன், அதுக்குள்ள சொல்லிப்போடறேன். டூயல் கோரே வாங்குங்க.

எதுக்குன்னு கேளுங்க. எம்பேரு சென்னியப்பன். கோபி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல மாடியில போர்டு பாத்திருப்பீங்களே, பச்சைமலை கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்னு. அது நம்முளுதுதான். மொதல்ல அங்க ஜெராக்ஸ் கடைதான் வெச்சிருந்தேன். ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுக்க வர்றவங்கதான் எச்சு. சரி, காப்பி எடுத்துக் குடுக்கறதுக்குப் பதிலா நாமளே கணிச்சுக் குடுத்தா என்னன்னு தோணுச்சு. எனக்கு ஜோசியம் தெரியாதுங்க. அதைப் பெருமையாவே சொல்லுவேன். தெரிஞ்சவங்களுக்குத்தான் தப்பு வரும். மெஷினுக்கு ஆரு வேண்டியவங்க, ஆரு வேண்டாதவங்க? பொறந்த தேதி, நேரம், ஊரு, மூணையும் தட்டுனாப் போதும். தட்டறது எம்பொண்ணு இந்துமதி, நாங்க பாப்பான்னுதான் கூப்பிடுவோம், பி.எஸ்சி. முடிச்சிருக்குது. எனக்கு இன்னைக்கும் ஒத்த வெரல்தான்.

பழைய மெஷினு சிங்கிள் கோருங்க. நல்ல மெஷினுதான், குத்தஞ் சொல்லக் கூடாது. ஆனா பிரிண்டர்ல ஒரு ஜாதகம் கர்ரு கர்ருன்னு வந்துட்டு இருக்கையில அடுத்த ஆளோட பேரைத் தட்ட முடியாது. தட்டுனா அப்படியே நின்னுக்கும். முகூர்த்த மாசத்துல சனம் மாடிப்படி பூரா உக்காந்திருக்கும், மெஷினு பாட்டுக்கு நிக்கும். அப்பத்தான் பாப்பா சொல்லுச்சு, ஈரோட்டுல லோகநாதன்னு ஒருத்தரு இருக்காரு, கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் குடுக்கறாரு, நல்லாப் பண்றாருன்னு. எப்படித் தெரியும்னு நான் கேக்கல. படிச்ச புள்ளைக்கு நாலு வெவரம் தெரியாமயா இருக்கும்?

வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும், ஒல்லியா, சட்டைப் பாக்கெட்டுல ஸ்குரூ டிரைவர். மத்த மெக்கானிக் எல்லாம் என்னைய சாருன்னுவாங்க, அண்ணான்னுவாங்க. இவன் படியேறி வந்த மொத நாளே மாமான்னு கூப்பிட்டான். எங்க சனத்துல வேற கூட்டத்துக்காரங்களை, அதாவது வேற குலத்துக்காரங்களை, மாமா மச்சான்னு கூப்பிடறது மொறைதான். ஆனா இந்தக் காலத்துப் பசங்க ஆரு கூப்பிடறாங்க? எனக்கு அப்பவே அவனைப் புடிச்சுப் போச்சு. அவனும் உங்க கொட்டேசன் மாதிரியே ரெண்டு வரி எழுதி நீட்டுனான். கோருன்னா கம்ப்யூட்டரோட மூளைங்க மாமான்னான்.

நான் ஒத்தை மூளையே போதும்னுட்டேன். எதுக்குன்னா, நம்ம பக்கம் பஞ்சாங்கம் ரெண்டு தினுசு பாருங்க. வாக்கியம் ஒண்ணு, திருக்கணிதம் ஒண்ணு. ஒரே ஆளுக்கு ரெண்டுலயும் பாத்தா லக்கினம் மாறும், தசை மாறும். ரெண்டு ஜோசியரை ஒரு ஊட்டுக்குள்ள உக்கார வெச்சா என்னாகும்? ஓரியாட்டந்தான், விடிய விடியச் சண்டை. அதே மாதிரி ஒரு பொட்டிக்குள்ள ரெண்டு மூளைய வெச்சா, ஒண்ணு வாக்கியம்னு நிக்கும், இன்னொண்ணு திருக்கணிதம்னு நிக்கும், நடுவுல எம்பொழப்பு நாறிப் போகும். இதை அந்தப் பையன்கிட்டத் தெளிவா எடுத்துச் சொன்னேன்.

அவன் சிரிக்கல. அதான் அவன்கிட்ட எனக்குப் புடிச்சது. பொறுமையா, இல்லீங்க மாமா, ரெண்டும் சண்டை போடாது, ஒண்ணு கணக்குப் போடும்போது இன்னொண்ணு பிரிண்ட் வேலையப் பாத்துக்கும்னான். எனக்கு டக்குனு புடிபட்டுருச்சு. அதாவது, ஒண்ணு கணிக்கும், இன்னொண்ணு அதைச் சரிபாக்கும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் தாளு வெளிய வரும். அப்படித்தானன்னு கேட்டேன். அவன் என்னமோ சொல்ல வாயத் தொறந்தான். பாப்பா அவனைப் பாத்துச்சு. அப்படியுஞ் சொல்லலாமுங்க மாமான்னுட்டான். ஒரு வாரத்துல மெஷினு வந்துருச்சு. அடுத்த நாளே போர்டை மாத்தி எழுதச் சொன்னேன், இரட்டை மூளைக் கணினியில் ஜாதகம், தவறுக்கு இடமில்லைன்னு.

ஆனா பாருங்க, வந்ததும் ஒரு தொந்தரவு. நம்பியூர்ல இருந்து மஞ்ச ஏவாரி ஒருத்தரு, குடும்பத்தோட ஆறு பேரு, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழம் எல்லாம் வெச்சு, பையனுக்கும் பொண்ணுக்கும் பொருத்தம் பாக்க வந்தாரு. பாப்பா தட்டுச்சு. அவரு துண்டை ஒதறித் தோள்ல போட்டு உக்கார்றதுக்குள்ள பதிலு வந்துருச்சு, ஒம்போது பொருத்தம்னு. அவரு சந்தோசப்படோணுமா இல்லீங்களா? மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஒரு குடும்பத்தோட தலையெழுத்தை ரெண்டு செகண்டுலயா பாப்பீங்க, மேலோட்டமாப் பாத்திருக்கும்னு சொல்லி, தாம்பாளத்தைத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அப்படியே ஒவ்வொருத்தரா. ஒரு மாசத்துல மாடிப்படி காலி.

நான் லோகுவைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் மெதுவா ஓட்ட முடியுமான்னு கேட்டேன். மெதுவா ஓட்ட முடியாதுங்க மாமா, மெதுவா ஓடற மாதிரி காட்டலாம்னான். அரை நாள்ல பண்ணிட்டான். திரையில "கிரகங்கள் கணிக்கப்படுகின்றன, பொறுத்திருக்கவும்"னு எழுத்து வரும். அதுக்குக் கீழ மஞ்சக் கலர்ல ஒரு பட்டை, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஊர்ந்து போகும். எத்தனை நேரம் வெக்கறதுன்னு நாந்தான் முடிவு பண்ணேன். மூணு நிமிசத்துல சனத்துக்கு நம்பிக்கை வரல. ஏழு நிமிசம் வெச்சா டீ குடிக்கப் போயிடறாங்க. அஞ்சு நிமிசந்தான் சரியா இருந்துச்சு. அந்தப் பட்டை ஊர்றதைப் பாத்துட்டு சனம் கையக் கூப்பிக்கிட்டு உக்காந்திருக்கும். உள்ள ஒண்ணும் நடக்கல, பதிலு எப்பவோ வந்து உக்காந்திருக்குதுன்னு எனக்கும் பாப்பாவுக்கும் லோகுவுக்கும் மட்டுந்தான் தெரியும். மறுபடி மாடிப்படி நெறஞ்சு போச்சு.

கவுந்தப்பாடி வந்துருச்சுங்களா? சர்க்கரை வாசம் வருது பாருங்க. இங்கிருந்து எட்டிப் புடிச்சாச் சித்தோடு, சீக்கிரஞ் சொல்லிப்போடறேன்.

தை மாசத்துல பாப்பாவுக்கு ஒரு வரன் வந்துச்சு. அந்தியூர்ல ரைஸ்மில்லு, பத்து ஏக்கரா மஞ்சக்காடு, ஒத்தப் பையன். தானா வந்த சம்பந்தமுங்க. எனக்கும் ஒத்தப் பொண்ணு. ஜெராக்ஸ் கடைக்காரன் மகளுக்கு ரைஸ்மில்லான்னு எனக்கு ரெண்டு நாள் தூக்கமே இல்ல. ஜாதகம் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லி அனுப்புனேனே தவிர, மனசுக்குள்ள பந்தியே போட்டுட்டேன். பாப்பாகிட்டச் சொன்னப்ப, சரிங்ப்பான்னுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு.

அப்பறம் பாருங்க, கடையில கீபோர்டு சத்தமே குறைஞ்சு போச்சு. முன்ன எல்லாம் பாப்பா தட்டுனா மழை பெய்யற மாதிரி இருக்கும், கூடவே ஏதாச்சும் பேசிச் சிரிச்சுட்டே தட்டும். இப்ப ஒண்ணு, அப்பறமா ஒண்ணு. மெஷினுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நான் லோகுவுக்குப் போன் போட்டேன். வந்து கழட்டிப் பாத்து, சரி பண்ணிட்டுப் போனான். அவன் இருக்கற வரைக்கும் சத்தம் நல்லா வந்துச்சு. போனதும் மறுபடி குறைஞ்சிருச்சு. மறுபடி கூப்பிட்டேன். ரெண்டு மாசத்துல பதினேழு தடவை வந்தானுங்க ஈரோட்டுல இருந்து. ஒரு தடவை கூடக் காசு வாங்கல. அவனுக்கு அத்தனை தொழில் பக்தி.

ஒரு நல்ல நாளாப் பாத்து ரைஸ்மில் பையனோட ஜாதகத்தைப் பொருத்தம் போட்டோம். பாப்பாதான் தட்டுச்சு. பத்துக்கு மூணு. அதுலயும் ரஜ்ஜு இல்ல. ரஜ்ஜுங்கறது தாலிப் பொருத்தமுங்க, அது இல்லீன்னா மத்த ஒம்போதும் இருந்தும் புண்ணியமில்ல. எனக்குப் பொக்குனு போச்சு. மூலையில கெடந்த பழைய மெஷினைத் தூசி தட்டி அதுலயும் போடச் சொன்னேன். பாப்பா பொறுமையா அதுலயும் தட்டுச்சு. அதே மூணு.

ரைஸ்மில்காரரு போன்ல சண்டைக்கே வந்துட்டாரு. எங்களுக்குப் பவானி ஜோசியரு எட்டுப் பொருத்தம்னு எழுதிக் குடுத்திருக்காரு, உங்க மெஷினு என்னங்க மெஷினு, வேணும்னா நீங்களும் ஒரு தடவை அவருகிட்ட வந்து கேளுங்கன்னாரு. ரெண்டு நாள் நான் சோறு தண்ணியில்லாம ரோசிச்சேன் தம்பி. போலாமுங்க, பவானி என்ன அமெரிக்காவுலயா இருக்குது? ஆனா கோபி சுத்துவட்டாரம் பூராவும், மனுசன் தப்புப் பண்ணுவான், மெஷினு தப்புப் பண்ணாதுன்னு சொல்லிச் சொல்லிப் பொழச்சவன் நான். எத்தனை சம்பந்தத்தை அந்தத் தாளை நீட்டி வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்கேன். எத்தனை பேரு அந்தப் படியில அழுதுட்டு எறங்கிப் போயிருக்காங்க. இப்ப எம்பொண்ணுக்குன்னு வந்தா மட்டும் இன்னொருத்தருகிட்டப் போனா, அப்பறம் எந்த மூஞ்சியோட அந்தக் கடையில உக்கார்றது? வேண்டாமுங்கன்னு சொல்லிட்டேன். ரைஸ்மில்லு போச்சு. பவானி ஜோசியருக்கு என்னங்க, எத்தனை பெரிய ஆளா இருந்தாலும் அவருக்கு ஒத்தை மூளைதான?

எங்கூட்டுக்காரி ரத்தினா, கடைக்குப் பின்னாலதான் ஊடுன்னாலும் கடைப்பக்கம் எட்டியே பாக்க மாட்டா. அன்னைக்குன்னு பாத்து காப்பி டம்ளரோட வந்தா. நான் தலையில கைய வெச்சு உக்காந்திருக்கேன். அவ நின்ன வாக்குல சொன்னா:

"ஊருச் சனத்தோட ஜாதகமெல்லாம் இதுக்குள்ளதானுங்க கெடக்குது. நம்ம புள்ளைக்கு எது சேருதுன்னு அதையவே தேடச் சொன்னா என்னங்க?"

பாருங்க, மூணு நிமிசம் வந்துட்டுப் போறவளுக்கு வந்த ரோசனை, வருசக்கணக்கா அங்கயே உக்காந்திருக்கிற எனக்கு வரல. பாப்பா நிமுந்து உக்காந்துச்சு. பண்ணலாமுங்ப்பா, அதுக்குன்னு ஒரு புரோகிராம் இருக்குதுன்னுச்சு. அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்கு அப்பத்தான் தெரியும். போன வாரந்தான் லோகு போட்டுக் குடுத்தானாம். எத்தனை முன்யோசனை பாருங்க அந்தப் பையனுக்கு.

பட்டை ஊர ஆரம்பிச்சுது. நாஞ்சொல்லிப் போட்ட பட்டை. உள்ள ஒண்ணும் நடக்கலீன்னு தெரிஞ்ச ஆளு நான். ஆனாலும் தம்பி, எங்கை தானாக் கூப்பிக்கிச்சு. பச்சைமலை முருகா, எம்புள்ளைக்கு நல்லதா ஒண்ணக் காட்டுன்னு அஞ்சு நிமிசமும் வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பாப்பா நகத்தைக் கடிச்சுட்டு இருந்துச்சு. ரத்தினா காப்பியக் குடுக்க மறந்துட்டு டம்ளரைக் கையிலயே புடிச்சுட்டு நின்னா.

மொத பேரா வந்துச்சு, தா. லோகநாதன், ஈரோடுன்னு. பத்துக்கு ஏழு.

நான் திகைச்சுப் போயிட்டேன். இவனோட ஜாதகம் எப்படி இதுக்குள்ள வந்துச்சுன்னு கேட்டேன். மெஷினை டெஸ்ட் பண்றதுக்குத் தன்னோடதையே போட்டுப் பாத்தாருங்ப்பா, அழிக்க மறந்துட்டாருன்னுச்சு பாப்பா. நியாயந்தான? யோசிச்சுப் பாருங்க, பத்துக்குப் பத்து வந்திருந்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன். ஏழுதான் வந்துச்சு. மகேந்திரப் பொருத்தம் இல்லீன்னு ஒளிக்காமப் போட்டிருந்துச்சு. ரஜ்ஜு நல்லா உக்காந்திருந்துச்சு. நாணயமான மெஷினுங்க. ரெண்டு மூளையும் ஒத்துக்கிட்டுத்தான் அந்தத் தாளு வெளிய வந்திருக்குது.

லோகுவை வரச் சொல்லித் தாளைக் காட்டுனேன். அவனுக்குப் பாவம் ஒண்ணுந் தெரியாது. தலையக் குனிஞ்சுட்டு, மெஷினே சொல்லும்போது நான் என்னங்க மாமா சொல்றதுன்னான். அடக்கமான பையன். எங்க சனந்தான், கூட்டம் வேற, பங்காளி இல்ல. அம்மா மட்டுந்தான். கல்யாணத்துக்கு அப்பறம் நம்ம மாடிக்குக் கீழயே கடை புடிச்சு வந்துடறேன்னும் சொல்லியிருக்கான். பாப்பா தெனமும் படியேறி வந்துட்டுப் போலாம். ரைஸ்மில்லுக்குப் போயிருந்தா வருசத்துக்கு ரெண்டு தடவை, பொங்கல் தீவாளி நோம்பிக்குப் பாத்திருப்பேன். அன்னைக்குச் சாயங்காலம் கீபோர்டு சத்தம் கேட்டுச்சுங்க, பழையபடி, மழை மாதிரி. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. கடைசியில கீபோர்டுல என்னதான் கோளாறுன்னு இன்னைக்கு வரைக்கும் அவன் சொல்லல.

நிச்சயத்தன்னைக்கு ஒரு சின்ன சமாச்சாரம் நடந்துச்சு. இதை நான் ஆருகிட்டயும் சொல்லல, நீங்க வழியில போறவரு, உங்ககிட்டச் சொல்றேன். லோகுவோட அம்மா வெகுளி. பந்தியில எனக்குப் பக்கத்துல உக்காந்து பழைய கதையெல்லாம் சொல்லிட்டு இருந்துச்சு.

"இவன் பொறந்தப்ப விடிஞ்சும் விடியாத நேரமுங்க. பால் கறக்கப் போனவ, செம்பைக் கீழ வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். வெயில் வர்றதுக்குள்ள பொறந்துட்டான்."

நம்ம தாளுல ஆறு பத்து, சாயங்காலம்னு இருக்குது. அது எனக்கு மனப்பாடம், அந்தத் தாளைத்தான் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேனே. கையில எடுத்த சிலேபிய எலையிலயே வெச்சுட்டேன். ஒரே நாளுதான், ஆனா நடுவுல நட்சத்திரம் மாறியிருந்தா எல்லாமே மாறும், ரஜ்ஜு தட்டும். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ரத்தினா, எலையில ரசம் ஊத்தச் சொல்லி ஒரே சத்தம். அவளுக்கு எப்பவும் பந்தி நெனப்புத்தான்.

மனசு கேக்கலீங்க. பஞ்சாங்கத்துல பாத்துக்கலாம்னா, மெஷினு வந்த சந்தோசத்துல பழசையெல்லாம் எடைக்குப் போட்டுட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம், கடைக்கு லீவு, நான் மட்டும் போய் உக்காந்தேன். ஒத்த வெரல்ல தட்டுனேன். அவன் பேரு, தேதி, ஊரு. நேரம் ஆறு பத்து. சாயங்காலம்ங்கறதை மாத்திக் காலைன்னு வெச்சேன். பாப்பா ஜாதகத்தைப் பக்கத்துல சேர்த்தேன். கால் மணி நேரம் ஆச்சு எனக்கு. அழுத்துனேன். பட்டை ஊர ஆரம்பிச்சுது.

பின்னால ஊட்டுக்குள்ள கூரைச் சேலைக்கட்டைப் பிரிச்சுப் போட்டுட்டு அம்மாளும் மகளும் உக்காந்திருக்காங்க. ரத்தினா அந்தச் சேலையத் தன் மேல வெச்சுப் பாத்திருப்பா போல. பாப்பா சிரிக்குது பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. சின்னப் புள்ளையில சிரிச்சது மாதிரி, மூச்சு முட்ட முட்ட. பட்டை பாதிக்கு வந்துருச்சு. அது சிரிச்சுட்டே இருக்குது. முக்காலுக்கு வந்துருச்சு. பதிலு உள்ள வந்து உக்காந்திருக்குதுன்னு எனக்குத் தெரியும். ரஜ்ஜு இல்லீன்னு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? எத்தனை பேரை அந்தப் படியில எறக்கி விட்டவன். எம்பொண்ணு எறங்கிப் போறதைப் பாக்க என்னால ஆகாது தம்பி. நெசமாவே பயந்துட்டேன்.

அந்த நேரம் பாத்துக் கரண்டு போயிருச்சுங்க. திரை பொட்டுனு அணைஞ்சு போச்சு. முருகன் செயலு. எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. எந்திரிச்சு ஃபேனுக்கு அடியில சித்த நேரம் நின்னு, துண்டால மூஞ்சியத் தொடச்சுட்டு, சேலை பாக்க உள்ள போயிட்டேன். மறுபடி போட்டுப் பாக்கல. எதுக்குங்க? பெத்தவளுக்கும் மறதி வரும், இருபத்தேழு வருசத்துக்கு முந்தின சமாச்சாரம். மெஷினுக்கு ரெண்டு மூளை, அந்தம்மாவுக்கு ஒண்ணு. எதை நம்பறது, நீங்களே சொல்லுங்க.

இந்தாங்க பத்திரிகை, ஆவணி பத்தாந்தேதி, கண்டிப்பா வந்துருங்க. சித்தோட்டுல இருக்கிற ஒரம்பரைக்கு, நம்ம சொந்தக்காரங்களுக்கு, பத்திரிகை வெக்கத்தான் போய்ட்டு இருக்கேன். நீங்க ரோசிக்காம டூயல் கோரே வாங்குங்க. லோகு நம்பரு பத்திரிகைக்குப் பின்னால இருக்குது, அவனே வந்து மாட்டிக் குடுப்பான். கண்டக்டரே, சித்தோடு ஒண்ணு இருக்குதுங்க, நிறுத்துங்க.

என்னங்க தம்பி? கரண்டு போனப்பறம் ஃபேன் எப்படி ஓடுச்சா?

அது வேற லைனுங்க.